கண்ணாடிக்குள் தஹரா

சின்ன வயதில் அன்புவழிபுரத்தில் நோன்பு இரவுகளில் தஹராச் சத்தத்தில்தான் கண் விழிப்பேன். "மகன், பாவா வந்துட்டார், எழும்புங்க" என்பா உம்மா.

கனடாவின் டொரன்டோவில் 2014இல் திறந்த ஆகாகான் அருங்காட்சியகத்தின் இசை நிகழ்ச்சிப் பதிவுகளைப் பார்க்கையில் அந்தச் சத்தம்தான் நினைவுக்கு வந்தது. ஷாநாமா ஓவியத் தாள்களைப் பாதுகாக்கும் அதே கட்டடத்தில் கலைஞர்கள் நேரில் பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள். ஓவியத்தைக் கண்டவர் இசையையும் கேட்டால், முஸ்லிம் கலை செத்த பழம்பொருள் அல்ல என்று விளங்கும். நல்ல ஏற்பாடு.

ஆனாலும் ஒரு குறை. டில்லி நிஸாமுத்தீன் தர்காவில் கவ்வாலிக்கு டிக்கெட் இல்லை. பாடுபவரும் கேட்பவரும் ஒரே தரையில் இருக்கிறார்கள். அரங்கின் கதிரையும் வெளிச்சமும் கேட்பவரை வெறும் பார்வையாளராக்கி விடுகின்றன.

நமக்குக் காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை இருக்கிறது. முன்னோரின் வாழ்வை அங்குள்ள உருவங்கள் காட்டுகின்றன, உருவங்கள் பாடுமா? பாவாக்களின் பைத்தும் களிகம்பும் அங்கே நேரில் ஒலிக்க வேண்டும். மேடை வேண்டாம், பாய் போதும். வந்தவருக்கு ஸதக்காவாக அல்ல, கலைஞருக்குரிய கூலியாகக் கொடுக்க வேண்டும். "இசை ஆகுமா?" என்போருக்கு, நிக்காஹ்வில் தஃப் அடிப்பது பற்றிய நபிமொழியை நினைவூட்டலாம்.

இப்போது ஸஹருக்கு என்னை எழுப்புவது போன். என் பேரன் தஹராவைக் கண்டதில்லை. அவன் அதை முதலில் கண்ணாடிக்குள் பார்க்கக்கூடாது. காதால் கேட்க வேணும்.