நோயின் பெயரை யாரிடம் சொல்வது?

புற்றுநோய் மருத்துவத்தில் உளவளத்துணைக்கு மிகக் கடினமான நேரம், நோயின் பெயரைச் சொல்லும் அந்தச் சில நிமிடங்கள்தாம். அதற்கென்று வகுக்கப்பட்ட முறைகளில் உலகெங்கும் பரவலாகக் கற்பிக்கப்படுவது ‘ஸ்பைக்ஸ்’. வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் உள்ளிட்ட மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்முறையில் ஆறு படிகள் உண்டு. ஒதுக்கமான இடத்தில் உட்கார வேண்டும். நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்றும் கேட்க வேண்டும். அதன் பிறகே செய்தி. பின்னர் அழுகைக்கோ கோபத்துக்கோ இடம் விட்டு, கடைசியில் சிகிச்சைக்கான வழியைச் சேர்ந்து பேச வேண்டும்.

இதன் வலிமை முழுவதும் இரண்டாம், மூன்றாம் படிகளில் இருக்கிறது. சொல்ல வந்தவரை முதலில் கேட்க வைப்பது சிறிய காரியமல்ல. மற்றவை நல்ல மருத்துவர் எவரும் பழக்கத்தால் செய்பவையே.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அறைக்குள் ஒரு நோயாளி, ஒரு மருத்துவர் என்றே இம்முறை பெரிதும் எண்ணிக்கொள்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரை எடுத்துக்கொள்ளலாம். 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய லண்டன் மிஷன் மருத்துவப் பணி வளர்ந்த ஊர் இது. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்த ஊர். இன்று புற்றுநோய் மையத்துக்காகவும் அறியப்படுவது. இப்படிப்பட்ட ஊருக்கு நோயாளி தனியே வருவது அரிது. மனைவி, மூத்த மகன், மைத்துனர், சில வேளை சபை உபதேசியாரும் கூட வருவார்கள். பரிசோதனை முடிவு முதலில் மகன் கைக்குப் போகும். “அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாண்டாம் டாக்டர்” என்ற வேண்டுகோள் அங்கிருந்துதான் பிறக்கிறது.

இந்தக் கூட்டு மௌனத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது தவறு. அதன் அடியில் இருப்பது அன்பும் பயமும். ஆனால் அது பெரும்பாலும் பலிப்பதில்லை. புற்றுநோய்ப் பிரிவு வரிசையில் கதிர்வீச்சுக்காகக் காத்திருப்பவரிடம் ‘வெறும் கட்டிதான்’ என்றால் எத்தனை நாள் நம்புவார்? தகப்பன் மகனுக்காகத் தெரியாதவர்போல் நடிப்பார், மகன் தகப்பனுக்காக. வீட்டுப் பத்திரம், மகள் கல்யாணம், பழைய பிணக்கு எதையும் பேச முடியாமல் போகும்.

வலிதணிப்பு மருத்துவத்தில் இதற்கென ஒரு நுட்பம் உண்டு. முதலில் மகனின் பயத்தைக் கேட்டு, மறைப்பதால் அவர் படும் பாட்டை அவர் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். பிறகு, “நாங்களாக எதுவும் சொல்ல மாட்டோம், அவருக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேட்கிறோம்” என்று அனுமதி பெறுவார்கள். ஸ்பைக்ஸின் இரண்டாம் படியே குடும்பத்தின் வழியாகச் சுற்றி வருகிறது. நெய்யூர் போன்ற ஊர்களுக்குப் பொருந்துவது இந்தச் சுற்றுவழிதான்.

இதிலும் சிக்கல் உண்டு. நோயாளியின் செய்தியை அவரைக் கேட்காமல் மகனிடம் பேசுவதே ஒருவகை மீறல். பெண் நோயாளி என்றால் அவர் விருப்பம் இன்னும் எளிதாகப் புறந்தள்ளப்படும். சான்றும் மெலிந்தது: இத்தகைய முறைகளில் பெறும் பயிற்சியால் மருத்துவரின் தன்னம்பிக்கை கூடுவதை ஆய்வுகள் காட்டுகின்றன, நோயாளி அடையும் நன்மையை அந்த அளவுக்குக் காட்டவில்லை. நேரமும் வேண்டும். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் ஆறு படிகளும் ஒரே அமர்வில் முடியாது. செவிலியரோ சமூகப் பணியாளரோ இரண்டு, மூன்று சந்திப்புகளாகப் பிரித்துக்கொண்டால்தான் நடக்கும்.