யப்பானிய வாளிலே தும்பியும் மலரும்

யப்பானிய வாளின் கைகாப்புத் தகட்டிலே தும்பியையும் சிங்கத்தையும் பியோனி மலரையும் கண்டவுடன், 'யப்பானியரின் இயற்கைக் காதல்' என்ற ஒரே தொடரால் அனைத்தையும் விளக்கிவிடுவோர் பலர். வாள் எதற்கென ஆக்கப்படுகிறது, அதனை அணியும் உரிமை எவருக்கு இருந்தது என்னும் வினாக்களை இவ்விளக்கம் எழுப்புவதேயில்லை. ஆதலின் அதனை நாம் ஏற்பதற்கில்லை.

தும்பியையே எடுத்துக்கொள்வோம். யப்பானியப் போர்வீரர் அதனை 'வெற்றிப் பூச்சி' என்றனர். அது முன்னோக்கியே பறக்கும், புறங்காட்டாது என்பது அவர்தம் நம்பிக்கை. (தும்பி பின்னோக்கியும் பறக்கவல்லது என்பதை உயிரியல் மாணவர் அறிவர்.) ஆகவே ஈண்டு தொழிற்படுவது இயற்கையை உற்றுநோக்கிய கண்ணன்று, களத்திற்குப் புறப்படுவோன் தனக்கு வேண்டிய பண்பைப் பூச்சியின்மீது ஏற்றிக்கொண்ட மனமே.

1588 இல் ஹிதெயோசி உழவரின் வாள்களைப் பறிமுதல் செய்தார். அவ்விரும்பு பெரும் புத்தர் சிலைக்கு ஆணியாகப் பயன்படும் என்று உழவருக்குச் சமாதானம் கூறப்பட்டது! தொடர்ந்து வந்த தொக்குகாவா ஆட்சியிலே (1603–1868) போர்கள் அருகின. வாள் உறையினுள் உறங்கிற்று. அதன் அணிகளோ பெருகின. ஆட்சியாளருக்குத் தலைமுறை தலைமுறையாகப் பணிபுரிந்த கோத்தோ குடும்பத்தார், செம்பிற் சிறிது பொன் கலந்து கருமையேற்றிய உலோகத்திலே மீன்முட்டை போன்ற நுண்மணிகளைப் பரப்பி, அவற்றின்மீது பொற்சிங்கங்களையும் டிராகன்களையும் அமைத்தனர். கைத்திறன் வியக்கத்தக்கது. ஆயினும் தலைமுறை பல கடந்தும் அச்சிங்கம் ஏறத்தாழ அதே சிங்கந்தான். அதிகாரத்தின் சின்னம் மாறுவதை அதிகாரம் விரும்புவதில்லை.

மாற்றம் நகரத்திலே தோன்றிற்று. யொக்கோயா சோமின் (1670–1733) கோத்தோ மரபினின்று விலகி, நகர்ச் சிற்பியாகத் தொழில் செய்தார். தூரிகை இழுத்த கோட்டின் தடிப்பும் மெலிவும் உலோகத்திலே தோன்றும்படி உளியாற் கீறும் முறை அவர் கையிற் சிறந்தது. சாமுராய்கள் மட்டுமன்றி வணிகரும் இத்தகைய நகர்ச் சிற்பிகளை நாடினர். வணிகனுக்கு நீண்ட வாளை அணிய உரிமையில்லை, குறுவாள் அணியலாம், பணமும் உண்டு. எலியும் முள்ளங்கியும் இலையுதிர்காலப் புல்லும் வாளேறின. உற்றுநோக்கிய கண்ணை நாம் இங்கேதான் காண்கிறோம். இயற்கைக் காதல் என்பது இதுவாயின், அது இனத்தின் குருதியிற் பிறந்ததன்று, சந்தையில் வளர்ந்தது.

இதனால் சோமினின் மலர் வணிகனின் பணப்பையைத் தவிர வேறில்லை என்று வாதிக்கும் நண்பர்களோடு நாம் உடன்படுகிறோம் என்பதில்லை. விரல்நீள உலோகத்தில் இதழின் மடிப்பைப் படைத்தது பணமன்று, உழைப்பு. ஆயினும் அவ்வழகின் விலையையும் கேட்கவேண்டும். சாமுராயின் ஊதியம் அரிசியாகவே அளக்கப்பட்டது. நெற்கதிரும் குருவியும் வாளணிகளில் உண்டு. கதிரை விளைத்தவன் அவ்வாளை ஏந்தியதில்லை.

1876 இல் படையினரும் காவலரும் தவிர்ந்த ஏனையோர் வாள் அணிவது பெரும்பாலும் தடைசெய்யப்பட்டது. சிற்பிகள் பலர் அந்நியருக்குப் பூச்சாடி செய்து பிழைத்தனர். வாளணிச் சிற்பியரிற் புகழ்பெற்ற கனோ நட்சுவோ (1828–1898) அதற்கு முன்னரே புதிய அரசின் நாணயங்களுக்கு அச்சு வெட்டியிருந்தார். 1871 இற் புழக்கத்திற்கு வந்த வெள்ளி யென்னிலே நெளிவது டிராகன்.