தேடுபொறிக்கு ஒரு வேண்டுகோள்

இன்ன தேடுபொறி தம் பக்கங்களைப் படிக்கலாம், இன்னது படிக்கலாகாது என்று ஒரு வலைத்தளத்தின் உரிமையாளர் விதிக்க முடியுமா? முடியும் என்று கூறி, 'ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி' என்னும் சிறு கோப்பைப் பலரும் காட்டுவர். மார்ட்டைன் கோஸ்டர் என்பவர் 1994இல் இம்முறையை முன்வைத்தார். 28 ஆண்டுகள் வெறும் வழக்கமாகவே நிலவிய அது, 2022 செப்டம்பரில் ஆர்.எஃப்.சி. 9309 என்னும் ஆவணத்தின் வாயிலாக வரையறை பெற்றது. அதன் நிறைகுறைகளை ஆராய்வோம்.

தேடுபொறி நிறுவனங்கள், தளங்களைச் சுற்றிவந்து படிக்கும் நிரல்களை ஏவுகின்றன. கூகுளின் நிரல் கூகுள்பாட், பிங்கினுடையது பிங்பாட். இவை பக்கங்களைப் படிக்குமுன் மேற்படி கோப்பைப் பார்க்கின்றன. அதில் 'யூசர்-ஏஜென்ட்: பிங்பாட்' என்று ஒரு வரியும், 'டிஸ்அலோ: /' என்று அடுத்த வரியும் ஆங்கில எழுத்தில் இருந்தால், பிங்பாட் எதையும் படிக்காமல் விலகும், பிற நிரல்களுக்குத் தடையில்லை. நிரலாக்கம் அறியாதவரும் எழுதக்கூடிய இந்த எளிமையே இம்முறையின் பெருஞ்சிறப்பு.

ஆயினும் விளைவு நாம் எண்ணிய எல்லையில் நிற்பதில்லை. டக்டக்கோ தன் முடிவுகளுக்குப் பிங்கைப் பெரிதும் சார்ந்துள்ளது. எனவே பிங்கைத் தடுப்பவர், டக்டக்கோ வழியே வரும் வாசகர்களையும் இழக்க நேரும்.

முதற்குறை, இது பூட்டன்று, வேண்டுகோளே. இவ்விதிகள் அணுகலுக்கான அனுமதி முறை அல்ல என்று அந்த ஆவணமே கூறுகிறது. வரும் நிரல் பொய்ப்பெயர் சொன்னாலும் இக்கோப்பால் தடுக்க இயலாது. மேலும், கோப்பை எவரும் திறந்து படிக்கலாம். தேர்வு வினாத்தாள் உள்ள இடத்தை அதில் குறித்து வைப்பது, ஒளித்த இடத்தை ஊருக்கு அறிவிப்பதாகும்!

இரண்டாவது குறை மேலும் நுட்பமானது. படிப்பதும் பட்டியலில் சேர்ப்பதும் வேறு வேறு செயல்கள். படிக்கத் தடுக்கப்பட்ட பக்கத்திற்கு வேறொரு தளம் இணைப்புத் தந்திருந்தால், கூகுள் அதன் முகவரியை மட்டும் பட்டியலில் காட்டக்கூடும். அதைத் தவிர்க்கப் பக்கத்திலேயே 'நோஇண்டெக்ஸ்' என்ற குறிப்பை இடவேண்டும். ஆனால் கோப்பு நிரலைத் தடுத்துவிட்டால், அக்குறிப்பை அது காண்பதெப்படி? இரட்டைக் காவல் என்று கருதி இரண்டையும் செய்பவர், ஒன்றால் மற்றொன்றைக் கெடுத்துக்கொள்கிறார். கோப்பிலேயே 'நோஇண்டெக்ஸ்' எழுதும் வழக்கமும் சிலரிடம் இருந்தது. 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் அதை ஏற்பதில்லை.

மூன்றாவது குறை காலத்தால் நேர்ந்தது. இக்கோப்பு, "நீ யார்?" என்று கேட்குமேயன்றி, "எதற்கு வந்தாய்?" என்று கேட்பதில்லை. தேடலுக்குப் படிப்பது வேறு. செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கப் படிப்பது வேறு. 2023இல் ஓப்பன்ஏஐ 'ஜிபிடிபாட்' என்றும், கூகுள் 'கூகுள்-எக்ஸ்டென்டட்' என்றும் தனிப்பெயர்களை அறிவித்தன. ஒவ்வொரு பெயரையும் தேடியறிந்து எழுதும் சுமை, எழுதி உழைத்தவர் தலையிலேயே விழுகிறது. முன் ஆண்டில் வெளிவந்த ஆவணத்தில் நோக்கத்தைக் குறிக்க ஒரு சொல்லும் இல்லை.

நாணயமான நிரல்களுக்கு வழிகாட்ட இம்முறை போதும். மறைக்க வேண்டியதற்குக் கடவுச்சொல்லே தக்கது. நாணயம் அற்றவரிடம் இக்கோப்பு செல்லாது என்பதை மாணவர்கள் மறத்தலாகாது.