பிஷ் பிளேட் இடைவெளி: இங்கும் இலங்கையிலும்

மீட்டர்கேஜ் காலத்தில் காஞ்சிபுரம் வழியாகப் போன ரயிலின் ‘தடக் தடக்’ சத்தத்தை முசரவாக்கம் சுற்றுவட்டாரத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு தண்டவாளங்களின் நுனிக்கு நடுவே இடைவெளி விட்டு, இருபக்கமும் பிஷ் பிளேட் வைத்து போல்ட் போடுவார்கள். போல்ட்டைவிடத் துளை சற்றுப் பெரிது, தண்டவாளம் நீளவும் சுருங்கவும் இடம் வேண்டுமே! 13 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் 4.5 மி.மீ. நீளும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் அகலப்பாதை அளவு ஒன்றேதான், 1676 மி.மீ. வழக்கம்தான் பிரிந்துவிட்டது. இந்தியச் சமவெளியில் நீளமாகப் பற்றவைத்த தண்டவாளமே இன்று பெருவழக்கு. நீள முடியாத அந்த இரும்பு உள்ளுக்குள் விசையைத் தாங்குகிறது: மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில், 30 டிகிரிக்குச் சுமார் 55 டன். கூர்மையான வளைவில் இந்த விசை பாதையையே வெளியே தள்ளிவிடும். 1924இல் பதுளையை எட்டிய இலங்கை மலையகப் பாதை நெடுகிலும் அப்படிப்பட்ட வளைவுகள், 44க்கு 1 என்ற ஏற்றம். அதனால் அங்கே பிஷ் பிளேட் இன்னும் வாழ்கிறது. நம் நீலகிரி மலைப் பாதையும் இந்த வகையில் அதன் உறவினர்தான்.

சிறு கூறுகளாகப் பிரித்துப் பார்க்கும் ஃபைனைட் எலிமென்ட் முறையில் பாதையின் அதிர்வைக் கணக்கிடுகிறவர் இந்த வேறுபாட்டை மதித்தே ஆக வேண்டும். பற்றவைத்த பாதைக்கு அந்த 55 டன்னை முன்விசையாகக் கொடுத்து இயல்பு அதிர்வெண் கண்டால் பெரும்பாலும் போதும். மலையக இணைப்பு அப்படி அடங்காது. நேரியல் கணக்கு, தொடுகை நிலையை உறையவைத்துவிடும்: மூடியது மூடியே இருக்கும், திறந்தது திறந்தே இருக்கும். சக்கரம் ஏறும்போதோ பிளேட்டும் தண்டவாளமும் தொட்டுத் தொட்டு விலகுகின்றன. இணைப்பை ஒட்டவைத்தாற்போல மாடல் செய்தால் விறைப்பு கூடிப்போகும், முழுக்க விட்டுவிட்டால் தளர்ந்துபோகும்.

முதலில் போல்ட்டை முறுக்கும் விசையைத் தனிப் படியாகக் கொடுங்கள். பிறகு எல்லாம் மூடிய நிலைக்கு ஒரு கணக்கு, எல்லாம் திறந்த நிலைக்கு ஒரு கணக்கு. இரண்டின் அதிர்வெண்களும் நெருங்கி வந்தால் அதோடு நிறுத்தலாம். விலகினால், தொடுகையோடு நேரத்தில் நகரும் நேரியலற்ற கணக்குத்தான் வழி, எவ்வளவு நேரம் பிடித்தாலும். சக்கரம் இணைப்பில் மோதும் விசையை பிரிட்டிஷ் ரயில்வே ஆய்வாளர்கள் 1974இலேயே இரண்டாகப் பிரித்தார்கள்: நொடிப்பொழுதில் மறையும் பி1, அதைத் தொடர்ந்து மெதுவாக எழும் பி2. பி1 வேண்டுமென்றால் நேரப்படி மிகச் சிறியதாக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் பிளேட்டுக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான உராய்வு எண்ணை மட்டும் புத்தகத்திலிருந்து எடுத்துப் போடுகிறார்கள், அது எனக்கு உறுத்துகிறது. இந்திய ரயில்வே விதிப்படி, அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் ஆண்டுக்கொருமுறை கேங்மேன்கள் பிஷ் பிளேட்டைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் துரு சுரண்டி, தண்டவாள நுனியில் விரிசல் பார்த்து, கிராஃபைட்டையும் மண்ணெண்ணெயையும் குழைத்துப் பூசி மறுபடி முறுக்குவார்கள். பூசிய மறுவாரத்துக்கு ஒரு உராய்வு எண், துருவேறிய ஆண்டுக் கடைசிக்கு இன்னொன்று என்று இரண்டு முறையாவது மாடலை ஓட்டிப் பார்க்க வேண்டும்.