சமமானவர் யார்?

கென்னத் ப்ரஃபியை வாசிக்கும்போதெல்லாம், அவருடைய மொத்த வேலையும் ஒரு ஏமாற்றத்தில் இருந்து தொடங்கியது என்று எனக்குத் தோன்றும். உதவி செய்யப் போனார்கள், யாரும் வாங்கிக்கொள்ள வரவில்லை.

1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், நகரத்துப் பள்ளிகளில் படித்து முடித்த எல்லோருக்கும் இடம் கொடுக்கத் தொடங்கியது. முந்தைய வருஷம் சிட்டி காலேஜில் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கன் மாணவர்கள் வளாகத்தைக் கைப்பற்றி நடத்திய போராட்டம் அந்த முடிவை வேகப்படுத்தியிருந்தது. கல்லூரிக் கட்டுரை எழுதிப் பழகாத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்கள். கல்லூரிகள் சிறப்பு வகுப்பு, ஆலோசகர் என்று ஏற்பாடு செய்தன. பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. எந்த வகுப்பறையில் தோற்றார்களோ அதே வகுப்பறை வேறு பெயரில் வந்து நின்றால் யார்தான் போவாங்க?

ப்ரூக்ளின் காலேஜில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ப்ரஃபி, எதிர் நாற்காலியில் பேராசிரியருக்குப் பதில் இன்னொரு மாணவரை உட்கார வைத்தார். அப்படி உட்காருகிறவருக்கும் பயிற்சி உண்டு. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து, ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது, கட்டுரைக்குள் என்ன வேலை செய்கிறது என்று எழுதித் தர வேண்டும். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்பதெல்லாம் அப்புறம்தான். 1972இல் வந்த அவருடைய பாடநூலின் அடிப்படையும் இதுதான். இன்று எழுத்துப் பட்டறைகளில் தீர்ப்பு சொல்ல அவசரப்படுகிற நாம் அந்த வரிசையைக் கடன் வாங்கலாம்.

1984இல் எழுதிய கட்டுரைகளில் இதற்கு ஒரு தத்துவம் தருகிறார். சிந்தனை என்பது உள்ளே போய்விட்ட பேச்சு. எழுத்து, அந்தப் பேச்சு மறுபடி வெளியே வருவது. அப்படியென்றால் நன்றாக எழுத, நன்றாகப் பேச ஆள் வேண்டும். 'உரையாடல்' என்ற உருவகத்தை ஓக்‌ஷாட்டிடமிருந்து எடுத்தார். வைகாட்ஸ்கி, ரோர்ட்டி, கூன் துணைக்கு வருகிறார்கள். லண்டனில் மருத்துவ மாணவர்கள் குழுவாக விவாதித்தபோது நோயை இன்னும் நன்றாகக் கணித்தார்கள் என்ற ஆபர்கிராம்பியின் ஆய்வும் வருகிறது.

எனக்கு இடறுவது இந்தக் கட்டுரைகளில் ஓர் இடம். குருடன் குருடனுக்கு வழிகாட்டுவதாகாதா என்ற கேள்விக்கு ப்ரஃபி பதில் சொல்கிறார்: எழுதுகிறவர் விஷயத்தைக் கொண்டுவருகிறார், உதவுகிறவர் கல்லூரி மொழியின் மரபைக் கொண்டுவருகிறார். கேட்க அழகான பங்கீடு. ஆனால் இரண்டுக்கும் ஒரே விலையா? மதிப்பெண் போடுவது கல்லூரி. அதன் மொழியை வைத்திருப்பவர் எப்படி வெறும் சகமாணவர் ஆவார்?

கிரெக் மையர்ஸ் 1986லும் ஜான் ட்ரிம்பர் 1989லும் வேறு வழியாக இங்கேதான் வந்து சேர்ந்தார்கள். குழு ஒருமித்த கருத்துக்கு வருகிறது என்றால், அங்கே யாருடைய குரல் அடங்கியது என்று கேட்டார்கள். நான் இன்னொன்றும் சேர்ப்பேன். நகர நிதி நெருக்கடியில் 1976இல் அந்தப் பல்கலைக்கழகம் இளங்கலைக்குக் கட்டணம் விதித்தது. ப்ரஃபி எழுதிய உரையாடலுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. நிஜத்தில் அது நடந்த கட்டடத்துக்கு இருந்தது.

அதனால் அவரைத் தள்ளிவிடலாமா? முடியாது. அவர் தத்துவத்தைவிட அவர் போட்ட நாற்காலி பெரிசு. ஆசிரியருக்குப் பயந்து எழுதுகிற ஒருவருக்கு, "இந்த வரி எனக்குப் புரியல"ன்னு பயமில்லாமச் சொல்ல ஒருத்தர் கிடைத்தார். புரியாத இருவர் ஒரு வாக்கியத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த நேரம்வரை சமத்துவம் உண்மைதான். யாருடைய மொழியில் அதைத் திருத்துவது என்று கேட்கும் இடத்தில் அது முடிகிறது. ப்ரஃபி அதுவரை கொண்டுவந்து விட்டார். அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை.