டயலில் இரண்டாவது பெயர்

ஜெனீவாவில் பிறந்த பழைய கைக்கடிகாரத்தின் டயலிலே, செய்தவரின் பெயரோடு விற்றவரின் பெயரும், நியூயார்க்கின் டிஃபனி என்றோ காரகாஸின் செர்பிக்கோ இ லைனோ என்றோ துலங்குமாயின், அந்த ஒரு வரியின் நிமித்தமே அதன் விலை பன்மடங்கு உயர்ந்துவிடுகிறது. போலி செய்வோரின் சிரத்தையும் அவ்வரியின் மீதே விழுகிறது.

1932-ல் ஜெனீவாவின் பதேக் பிலிப் கடிகார நிறுவனத்தையே விலைக்கு வாங்கிய ஸ்டெர்ன் சகோதரர்கள் டயல் செய்வதையே தொழிலாகக் கொண்டிருந்தவர்கள். அக்காலத்து உத்தமமான பதேக் டயல்களில், எழுத்துகளை உலோகத்தில் நுட்பமாகச் செதுக்கி, அப்பள்ளங்களில் எனாமல் பொடியை நிரப்பி, சூளையில் சுட்டு, பின்பு தேய்த்துச் சமன்செய்தார்கள். ஆகையால், உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே அவை உலோகத்தில் வேரூன்றியும், பிற்காலத்தில் சேர்த்த பெயரோ பால்மேல் ஆடைபோல் மேலாக மிதந்தும் தோன்றும். ஆயினும், மேலே படிந்த மையெல்லாம் மோசடி என்று துணிவதும் அவசரமே. டிஃபனியார் தம் பெயரை ரோலெக்ஸ் டயல்களில் நியூயார்க்கிலேயே அச்சிட்டுக்கொண்டமையால், அங்கே அது மெருகுப்பூச்சின் மேலிருப்பது சகஜம்.

என் அபிப்பிராயத்தில், எழுத்தின் வடிவத்தைவிட அதன் முதுமையே நம்பத்தக்க சாட்சி: சுற்றிலும் யாவும் மங்கியிருக்க, கடைப்பெயர் மட்டும் கன்னங்கரேலென்று மின்னுவது அசம்பாவிதம். பதேக் நிறுவனத்தின் ஆவணச் சான்றும், செய்த ஆண்டையும் விற்ற தேதியையும் சொல்லுமேயன்றி, கடைப்பெயருக்குப் பொதுவாகப் பிணை நிற்பதில்லை. சந்தேகம் தீராத இடத்தில், அப்பெயர் இல்லாததாகவே பாவித்து விலை பேசுங்கள்.