டச்பேடும் 500 மில்லிசெகண்டுக்குள் அடங்காத விரல்களும்

லினக்ஸில் டச்பேடைக் கவனித்துக்கொள்ளும் லிப்இன்புட் நூலகம், அழுத்துவதற்கு பட்டன் இருக்கிற பேடுகளில் 'தட்டினால் கிளிக்' வசதியை அணைத்தே வைக்கிறது. (பேடே அமுங்கும் வகையும் இதில் சேர்த்தி.) அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் இது: தட்டல் என்று ஒன்று இருப்பதே தெரியாதவருக்கு, தானாக விழும் கிளிக் மெஷின் கோளாறு மாதிரி தெரியும். தெரிந்தவரோ எங்கே ஆன் செய்வது என்று அறிந்திருப்பார், இல்லாவிட்டால் தேடிக்கொள்வார். முதல் பாதி சரி. எனக்கு சண்டை இரண்டாம் பாதியோடுதான்.

2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் ஒரே மெஷினில் வந்தன. வள்ளியூர்ப் பக்கம் பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். என் கைக்கு வந்த மெஷின்களில் விண்டோஸில் தட்டினால் கிளிக் ஆகும், பாஸில் ஆகாது. 'லினக்ஸ்ல டச்பேட் வேலை செய்யாதுண்ணே' என்று பையன்கள் முடிவு கட்டிவிட்டார்கள். தேடிக்கொள்வார் என்கிறார்களே, என்ன வார்த்தை போட்டுத் தேடுவான்? விரலால் தட்டுவதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அதற்கு ஒரு செட்டிங் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாதே.

ஆப்பிளும்தான் அணைத்து வைக்கிறது என்பார்கள். அவர்களுடைய இப்போதைய பேடு எந்த இடத்தில் அழுத்தினாலும் ஒரே மாதிரி கிளிக் ஆகும். விலை குறைந்த லேப்டாப்பில் பேடின் மேல்பக்கம் கீல் மாதிரி பிடித்திருக்கும். அங்கே அழுத்தினால் விரல்தான் வலிக்கும்.

2024 மார்ச்சில் வந்த க்னோம் 46, தட்டலை ஆன் செய்தே தருகிறது. நல்ல முடிவு. ஆனால் ஆன் செய்ததும் அந்த முதல் பாதிப் பிரச்சினை திரும்பி வரும், தமிழ் டைப் செய்கிறவர்களிடம் இன்னும் மோசமாக. தமிழ்99-இல் 'கொ' என்பதற்கு க, ஒ என்று இரண்டு விசைகள். நடுவில் கட்டைவிரல் அடி பேடில் பட்டு கர்சர் இரண்டு வரி மேலே தாவினால், 'க' இங்கே நிற்கும், 'ஒ' வேறு ஏதோ சொல்லுக்குள் போய் உட்காரும். ஒரே எழுத்து இரண்டாகப் பிளந்து இரண்டு சொற்களையும் கெடுக்கும்.

இதைத் தடுக்கத்தான் டைப் செய்யும்போது பேடை முடக்கும் வசதி. லிப்இன்புட்டில் ஒரு விசை அமுக்கினால் 200 மில்லிசெகண்ட், தொடர்ந்து அடித்தால் கடைசி விசையிலிருந்து 500 மில்லிசெகண்ட் பேடு தூங்கும். இந்த அரை செகண்டுக்குள் யார் அடங்குவார்? டிடிபி கடையில் வேலை பார்ப்பவர் அடங்குவார். 'ழ' எங்கே என்று தேடுகிற பிளஸ் டூ பையனுக்கு ஒரு விசைக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு செகண்டுக்கு மேலே ஓடிவிடும். ஒவ்வொரு இடைவெளியிலும் பேடு முழித்துக்கொள்ளும். கை ஓய்ந்து கீழே சாய்வதும் அதே நேரத்தில்தான். ஆக, பாதுகாப்பு அது அதிகம் தேவைப்படாதவருக்கே கிடைக்கிறது.

விண்டோஸ் 8.1-இல் வந்த ப்ரிசிஷன் டச்பேட் முறை, தொடுதலைப் புரிந்துகொள்ளும் வேலையை டிரைவர் கம்பெனிகளிடமிருந்து ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாற்றியது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அதிலும் உணர்திறனைக் கூட்டிக் குறைப்பது நம் தலையில்தான்.

என் யோசனை: அந்த 500-ஐ மாறாத எண்ணாக வைக்காமல், அந்த ஆள் அடிக்கிற வேகத்தை வைத்துக் கணக்கிடலாம். கூடவே இன்னொன்று. வேண்டுமென்று தட்டுகிறவர் பெரும்பாலும் முதலில் கர்சரை நகர்த்துவார். கடைசியாக நடந்தது விசை அமுக்கல், அதன்பின் கர்சர் அசையவே இல்லை என்றால், வருகிற தட்டல் சந்தேகத்துக்குரியது, அதைத் தள்ளிவிடலாம். புது சென்சார் எதுவும் வேண்டாம், கீபோர்டு நேரமும் பேடு நேரமும் ஏற்கெனவே ஒரே நூலகத்துக்குள்தான் வருகின்றன. அசையாமல் தட்டி வீடியோவை நிறுத்துகிறவருக்கு இடைஞ்சல் ஆகாதா என்றால், அவர் கடைசியாக விசையைத் தொட்டு பல நிமிஷம் ஆகியிருக்கும். எவ்வளவு மெதுவாக டைப் செய்கிறவருக்கும் அத்தனை பெரிய இடைவெளி வராது.